முகத்தில் வெட்டுப்பட்ட காசு



சென்ற மாதம் விருத்தாசலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே செராமிக் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர். வெளிநாட்டுக்காரர்கள் மெட்டல் டிடெக்டரைக் கையில் பிடித்துக்கொண்டு உழுத வயலில் நடப்பதும், அது ஒலித்த இடத்தில் தோண்டிப் பழங்காசு எடுப்பதும் அவருடைய கைப்பேசியில் அன்றாடக் காட்சியாம். அவர் கேட்டிருந்தவை இரண்டு. கோடையில் மணிமுத்தாறு வறண்டு கிடக்கும்போது தானும் ஒரு கருவி வாங்கித் தேடலாமா என்பது முதல் கேள்வி. துளை போட்டது, வளைந்தது, வெட்டுப்பட்டது என்றால் அந்தக் காசைக் கண்டெடுத்தவர்களே முகம் சுளிக்கிறார்களே, அவற்றுக்கு மதிப்பே கிடையாதா என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் அன்றைக்கு வந்த மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். பல வருடங்களாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அது. இந்த மாதப் பக்கம் முழுவதும் அந்தத் தம்பிக்கான பதில்தான். நீங்களும் கூடவே படியுங்கள்.

மணிமுத்தாற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆற்றில் பொன் தேடும் ஆசை வருவது இயல்பு. விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் அங்கே பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அவ்வளவு பொன்னையும் வழிநெடுகச் சுமந்துகொண்டு திருவாரூர் போவது எப்படி? இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றாராம் இறைவன். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்தக் கதையை வைத்துத்தான்.

இந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் வேறு. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன்னால் சுந்தரர் அதில் கொஞ்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். இதற்கு மச்சம் என்று பெயர். பொன் கைமாறும்போது தரம் மாறாமல் வந்து சேர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துவைக்கும் துண்டு. கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான், வாங்கியவர் அவருடைய தோழர், ஆனாலும் மச்சம் வெட்டப்பட்டது! திருவாரூர்க் குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்றும், சுந்தரர் மறுபடி பாடிய பிறகே சரியானது என்றும் கதை தொடர்கிறது. பொன்னை உரைத்துப் பார்த்தவர் பிள்ளையார் என்பது திருவாரூரில் வழங்கும் செய்தி. கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார்.

சேக்கிழார் பெரியபுராணத்தை எழுதியது 12ஆம் நூற்றாண்டில். பொன்னை வெட்டிப் பார்ப்பது இந்த நாட்டில் எவ்வளவு பழகிப்போன காரியமாக இருந்திருந்தால், ஒரு பக்திக் காப்பியத்தில் அது இவ்வளவு சாதாரணமாக வந்து உட்கார்ந்திருக்கும்! வெட்டியதால் அந்தப் பொன்னுக்கு அவமரியாதை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

இனி வெட்டுப்பட்ட காசுக்கு வருகிறேன்.

1898இல், அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் காலத்தவை. வெஸ்பாசியன் இறந்தது கி.பி. 79இல். அந்தக் காலத்து ரோமானியப் பொற்காசு ஒன்று ஏறக்குறைய நம் ஒரு பவுன் எடை இருக்கும். தேய்மானத்தைக் கழித்தாலும் ஐந்நூறு பவுனை நெருங்கும் பொன் ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில் அதே ஆண்டில் இவற்றை ஆராய்ந்து எழுதினார். காசுகளில் ஒரு பகுதி அந்த அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தங்கத்தின் அளவைவிட வியப்பான சங்கதி ஒன்று அதில் இருந்தது. பத்தில் ஒன்பது காசுகளுக்கு மேல், பேரரசரின் தலைமீது உளியால் ஒரு வெட்டு. எந்த மன்னனுக்கும் விலக்கில்லை. தலையின் குறுக்கே, கன்னத்தில் பள்ளம் விழும்படி, வேண்டுமென்றே போட்ட வெட்டு.

யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதில் நாணய ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. வெளியே பொன் முலாம், உள்ளே செம்பு என்று ஏமாற்றும் கள்ளக் காசா என்று பார்க்க வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இனி இது புழக்கத்தில் செல்லாது, எடைக்கு மட்டுமே செல்லும் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்பது இன்னொன்று. அந்நிய அரசனின் முகத்தையே ஏற்காத ஓர் அதிகாரம் இங்கே இருந்திருக்கலாம் என்பது மூன்றாவது.

எனக்கு இரண்டாவதும் மூன்றாவதும் கைகோத்து நிற்பதாகத்தான் தோன்றுகிறது. காரணம் சொல்கிறேன். உள்ளே செம்பா என்று பார்க்க விளிம்பில் ஒரு கீறல் போதும். மச்சம் எடுக்கும் பத்தர் ஓரத்தில்தான் கை வைப்பார். நூற்றுக்கணக்கான முறை தலைமீதே உளி வைத்தவரின் குறி அந்த முகத்தின்மேல்தான். அதே சமயம் அவர் பொன்னைத் துளியும் எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டு விழுந்த பிறகும் எடை அப்படியே இருக்கிறது. முகம் போயிற்று, பொன் நின்றது. தராசில் வைத்துப் பொன் வாங்கிய ஒரு நாட்டுக்கு அந்த முகத்தால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதினார். கொங்கு நாட்டில் மட்டும் எத்தனை குடங்கள் கிடைத்திருக்கின்றன! கோவை அருகே வெள்ளலூரில் 1842இல் 522 வெள்ளிக் காசுகள், கத்தாங்கண்ணியில் 1913இல் 233. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்த பிறகு, அந்தப் புது வெள்ளிக் காசு இங்கே வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் வணிகர்கள் உரைத்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

தம்பி, இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். புதுக்கோட்டைக் காசில் அகஸ்டஸின் தலை ரோமானியப் பேரரசின் அச்சுக்கூடத்தில் விழுந்தது. அதே அச்சில் அடித்தெடுத்தது போன்ற தலைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அந்த வெட்டுதான் இந்த மண்ணில், நம் ஆட்களில் ஒருவர் கையால் விழுந்தது. அவர் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவர் எழுதிவைத்துப் போனது அந்த ஒரு கோடு மட்டும். அதைச் சேதம் என்று சொல்லித் தள்ளினால் நம்முடைய பங்கைத் தள்ளிவிட்டு ரோமானியனுடைய பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்றுதான் ஆகும்.

துளைக்கும் இதே கணக்குத்தான். கர்நாடகத்தில் அக்கியாலூரில் கிடைத்த பிற்கால ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில், அரசரின் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கின்றன. கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் முகம் நேராக நிற்கும். காசு திரும்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் இரட்டைத் துளை. ஒரு காலத்தில் இதே தென்னாட்டில் ஒருவர் அந்நியன் முகத்தை உளியால் வெட்டினார். சில நூற்றாண்டுகள் கழித்து இன்னொருவர் அதே போன்ற முகம் ஒன்று தன் மார்பில் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் துளையிட்டார். துளை எந்த இடத்தில் போடப்பட்டது என்பதை வைத்தே போட்டவரின் மனத்தைப் படித்துவிடலாம்.

உங்கள் ஊருக்கே உரிய சங்கதி ஒன்றை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். கார்த்திகை நெருங்கினால் விருத்தாசலம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வரும் வெண்களி, அதைக் கூழாகக் கரைத்து ஊற்றும் பாரிஸ் சாந்து அச்சுகள், அச்சிலிருந்து பிரித்துக் காயவைத்த அகல் விளக்குகளும் கொலு பொம்மைகளும் வரிசை வரிசையாக. ஃப்யூஸ் கேரியர் செய்யும் கூடத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருப்பார்கள். பொன்னால் ஆனதைக் களிமண்ணிலும் அச்செடுக்கலாம் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை.

இந்த வித்தையை ஏறக்குறைய ரோமானியக் காசு வந்து இறங்கிய காலத்திலேயே இந்தியக் குயவர்கள் செய்திருக்கிறார்கள். தெலங்கானாவில் கொண்டாப்பூர், மகாராஷ்டிரத்தில் தேர், ஒடிசாவில் சிசுபாலகர் ஆகிய இடங்களில் நடந்த அகழாய்வுகளில், ரோமானியக் காசைப் பார்த்துச் சுடுமண்ணில் செய்த வட்டுகள் கிடைத்தன. பேரரசரின் தலை, சுற்றிலும் எழுத்துப் போன்ற கோடுகள், தொங்கவிட ஒரு துளை அல்லது வளையம். பொற்காசு வாங்க வசதி இல்லாத வீட்டுப் பெண் ஒருத்தியோ குழந்தையோ கழுத்தில் கட்டிக்கொள்ள, ஒரு மண்பாண்டக் கலைஞர் அசல் காசின் சாயலைக் களிமண்ணுக்கு மாற்றிச் சூளையில் வேகவைத்திருக்கிறார். சிலவற்றில் மேலே பொன்தகடு போர்த்திய அடையாளமும் உண்டு. பொற்காசைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்து ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். அருகில் இருக்கும் மண்வட்டைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. எனக்கோ அந்த மண்வட்டுத்தான் உயர்ந்ததாகப் படுகிறது, அதைச் செய்தவர் கையிலிருந்தது மண் மட்டுமே என்பதால்.

மெட்டல் டிடெக்டர் இந்த மண்வட்டின் மேலேயே நடந்து போனாலும் வாய் திறக்காது.

காசை மாற்றிச் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. பாட்டியின் காசுமாலையை எடுத்துப் பாருங்கள். விக்டோரியா ராணியின் தலையோ ஐந்தாம் ஜார்ஜின் தலையோ இருக்கும் அசல் பவுன் காசுகளில் ஆசாரி பொடி வைத்து ஊதி வளையம் பற்றவைத்திருப்பார். நாணயச் சந்தையில் இதற்கு விலை குறைவு. வளையத்தை அறுத்து, ராவி, மெருகேற்றி, புதுக்காசு போல ஆக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். லண்டனில் அச்சான காசு ஒரு தமிழ்ப்பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து நின்ற கதை அந்த வளையத்தில்தான் இருக்கிறது. ராவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது எட்டு கிராம் தங்கம்.

விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா கல்லாவின் அடியிலிருந்து ஒரு செப்புக் காசை எடுத்துக் காட்டினார். 1835ஆம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணா. மேல்விளிம்பை ஒட்டி ஆணியால் அடித்த துளை, அந்தத் துளையின் ஓரம் கயிறு உரசி உரசி வழவழவென்று ஆகியிருந்தது. அவருடைய மாமனாருக்குக் குழந்தையில் அரைஞாணில் கட்டியதாம், அதற்கு முன்னால் அவருடைய அப்பாவுக்கும் கட்டியதாம். "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும் சார், தேய்க்கவா?" என்று கேட்டார். "வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். கருத்துப் போன அந்தச் செம்பின்மேல் எத்தனை குழந்தைகளின் எண்ணெயும் வியர்வையும் ஏறியிருக்கும்!

துளை இருப்பதெல்லாம் பின்னால் போட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய ஓட்டைக் காலணா, 1943 முதல் 1947 வரை அச்சுக்கூடத்திலேயே துளையோடு வந்தது. யுத்த காலத்தில் செம்பை மிச்சப்படுத்த அப்படிச் செய்தார்கள். அந்தத் துளை கச்சிதமான வட்டமாக, நட்டநடுவில் இருக்கும். கையால் போட்டது ஒருபோதும் அப்படி இருக்காது.

காசை மாற்றிச் செய்யும் இந்த வழக்கம் உலகெங்கும் உண்டு. அப்படி ஒரு கதையில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. 1812இல் மதராஸிலிருந்து சமராங் என்ற கப்பலில் 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்கள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போய் இறங்கின. வந்த காசெல்லாம் வணிகர் கையோடு மறுபடி கப்பலேறிப் போய்விடுகிறது என்பது அந்தக் குடியேற்றத்தின் கவலை. ஆளுநர் மக்வாரி ஒரு வழி செய்தார். கள்ளக்காசு அடித்த குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டிருந்த வில்லியம் ஹென்ஷால் என்பவரைக் கொண்டே ஒவ்வொரு காசின் நடுவிலும் ஒரு வட்டத்தை வெட்டியெடுக்க வைத்தார். ஓட்டை டாலர் ஐந்து ஷில்லிங், நடுவே வந்த வில்லை பதினைந்து பென்ஸ். ஒரு காசு இரண்டு காசாயிற்று. வெளியூரில் செல்லாது என்பதால் அவை ஊரைவிட்டும் போகவில்லை. அந்த ஓட்டை டாலர்களில் இன்று எஞ்சியிருப்பவை சில நூறுதான். துளையில்லாத அதே ஸ்பானிய டாலரைவிடப் பன்மடங்கு விலைக்கு அவை போகின்றன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1903ஆம் வருடத்துப் பென்னி ஒன்று இருக்கிறது. ஏழாம் எட்வர்டு மன்னரின் தலைமேல், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற முழக்கத்தை எழுத்தெழுத்தாக அடித்துப் பொறித்திருக்கிறார்கள். வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் வேலை அது. புதுக்கோட்டைக் காசுகளில் சில இருப்பதும் அதே அருங்காட்சியகம்தான். ஒன்றில் உளிவெட்டு, ஒன்றில் எழுத்துவெட்டு, இரண்டும் அரசனின் முகத்தில். இடைவெளி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்.

வளைந்த காசைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். இடைக்கால இங்கிலாந்தில் நோய்நொடி வந்தால் ஒரு புனிதரை வேண்டிக்கொண்டு வெள்ளிப் பென்னியை வளைத்து வைப்பார்கள். அது நேர்ந்துவிட்ட காசு, செலவழிக்கக் கூடாது என்பதற்கு அந்த வளைவே அடையாளம். நம் வீட்டில் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பதற்கும் அதற்கும் எண்ணத்தில் வேறுபாடே கிடையாது. அந்த நாட்டு வயல்களில் டிடெக்டருக்கு அகப்படும் வளைந்த காசுகளில் இப்படி நேர்ந்தவையும் உண்டு. நேராக்கிவிட்டால் வேண்டுதல் அழிந்துபோகும்.

இனி முதல் கேள்வி. மணிமுத்தாற்றில் டிடெக்டர் வைத்துத் தேடலாமா?

கூடாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் ஆர்வத்தைக் குறைக்க எனக்கு மனமில்லை.

அந்தக் கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலம் ஒன்றை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் பட்டால் அதற்குள் சிறு மின்சுழல்கள் பிறக்கின்றன. அந்தச் சுழல்களின் காந்தப்புலம் திரும்பி வருவதைச் சுருள் உணர்ந்து ஒலிக்கிறது. காசளவு பொருள் என்றால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம் வரை கண்டுபிடிக்கும். சோடா மூடிக்கும் ஆணிக்கும் சாக்லேட் காகிதத்துக்கும் அதே உற்சாகத்தோடு கூவும். மண்பாண்டத்துக்குக் கூவாது. செராமிக் படிக்கும் உனக்கு இது முக்கியம், ஏனென்றால் பழங்காலத்தில் காசைப் புதைத்தவர்கள் பெரும்பாலும் மண்குடத்தில்தான் புதைத்தார்கள். எந்த அடுக்கில் அந்தக் குடம் இருந்தது, கூடவே என்ன ஓடு கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு. ஒலியைக் கேட்டுக் கடப்பாரை போட்டால் காசு கையில் வரும், குடம் தூளாகும், அடுக்கு கலைந்துவிடும்.

உங்கள் ஊரிலிருந்து வெகுதூரம் இல்லாத அரிக்கமேட்டை எடுத்துக்கொள். 1944இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடியின் உடைந்த கழுத்தைக் கண்டு, அது எங்கே கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டு புதுச்சேரி போனார். 1945இல் அங்கே தோண்டினார். அரிக்கமேட்டின் காலத்தை அவர் கணித்தது பொற்காசைக் கொண்டு அல்ல. இத்தாலியில் முத்திரை குத்திச் சுட்ட அரெட்டைன் வகைச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளைக் கொண்டு. அந்த ஓடுகளோடு சேர்ந்து கிடந்ததால் நம் நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் கிடைத்தது. உலோகம் தேடும் கருவி அந்த ஓடுகளின்மேல் ஊமையாகவே நின்றிருக்கும். நீ படிக்கும் படிப்பில் ஓட்டை நிமிண்டிப் பார்த்து, களி எந்த வகை, எத்தனை டிகிரியில் வெந்தது, மெருகு என்ன என்று சொல்லிவிடுவார்கள். அகழாய்வுக் களத்துக்கு அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் தேவை. உங்கள் கடலூர் மாவட்டத்திலேயே மருங்கூரில் 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது, ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக்காசு ஒன்று அங்கே கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்துக்குப் போய்ப் பார், முடிந்தால் ஓடு கழுவும் வேலையாவது கேள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்லவேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சட்டம் கண்டெடுத்தவரைத் திருடனாகப் பார்க்கவில்லை, மறைப்பவரைத்தான் தண்டிக்கிறது என்பதை நம் கிராமங்களில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் எத்தனையோ காசுகள் பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கும் மூசைக்குள் போயிருக்கின்றன. இங்கிலாந்தில் டிடெக்டர்காரர்கள் கண்டதைப் பதிவு செய்ய 1997 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது. வயலில் கிடைத்த சாதாரணப் பொத்தானைக்கூட அங்கே எழுதிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று நமக்கும் வரவேண்டும் என்பது என் ஆசை, ஆனால் கருவிக்கு முன்னால் பதிவேடு வரவேண்டும்.

திருவானைக்காவில் 2020 பிப்ரவரியில் நடந்தது நினைவிருக்கும். ஜம்புகேஸ்வரர் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. முறைப்படி எண்ணி, எடைபோட்டு, ஒப்படைத்தார்கள். எடை 1.716 கிலோ. ஊருக்கே தெரிந்த புதையலாக அது நிற்பதற்குக் காரணம் கண்டவர்கள் சொன்னதுதான்.

ஆற்று மணலை அரித்துக் காசு பொறுக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. கரூரில் அமராவதி, மதுரையில் வைகை, திருக்கோவிலூரில் தென்பெண்ணை, இந்த ஆறுகளில் வெள்ளம் வடிந்தபின் சல்லடையோடு இறங்கும் ஏழைகள் காலங்காலமாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்த செப்புக்காசுகள் எடைக்கு எடை பழைய உலோகக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குவியலைப் பொறுமையாகக் கிளறியவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. களிம்பேறிய சிறு சதுரச் செம்பில் பெருவழுதி என்ற தமிழ் பிராமி எழுத்துகளை அவர் படித்தது 1980களில். சங்க காலப் பாண்டியர் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு எழுத்தே சாட்சியாக வந்தது. உங்கள் நடுநாட்டை ஆண்ட மலையமான்களின் குதிரை பொறித்த காசுகளையும் அவர் தொகுத்து எழுதினார். ஓர் இதழாசிரியர் தன் அன்றாட வேலைக்கு நடுவே இதைச் செய்தார் என்பது எனக்குப் பெருமையாகவும் தூண்டுதலாகவும் இருக்கிறது. அவர் 2021இல் மறைந்தார். அவர் கிளறிய கடைக்குவியல்களுக்கு முன்னால் உருகிப்போன காசுகளில் என்னென்ன பெயர்கள் இருந்தனவோ என்று எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

ஆகவே தம்பி, கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியும், அரை மில்லிகிராம் வரை வேண்டாம், பத்து மில்லிகிராம் காட்டும் சிறு தராசும் வாங்கு. மீதிப் பணத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய்வா. எழும்பூரில் தென்னாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. பிறகு உன் தெருவிலேயே தொடங்கு. எத்தனை வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் சாமி மாடத்திலும் துளைபோட்ட காசு கிடக்கிறது என்று கேட்டு எழுது.

வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். உங்கள் வீட்டில் துளையிட்ட, வளையம் வைத்த, வெட்டுப்பட்ட, வளைந்த, பெயர் பொறித்த பழைய காசு எது இருந்தாலும், இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். எடை தெரிந்தால் எழுதுங்கள். யார் அணிந்தது, எந்த ஊரில் இருந்தது, ஏன் துளையிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். புளியோ எலுமிச்சையோ பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்பு இருந்தால் இருக்கட்டும். காசைத் தபாலில் அனுப்பவேண்டாம், படம் போதும். மண்ணிலிருந்து எடுத்த காசாக இருந்தால் எங்களுக்கு எழுதும் முன்பு கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லிவிடுங்கள்.

வந்து சேரும் படங்களை அடுத்தடுத்த இதழ்களில் ஊர்வாரியாக வெளியிடுவோம், அனுப்பியவர் விரும்பினால் பெயர் இல்லாமலே. பொம்மைக் கடை அம்மாவின் 1835ஆம் வருடத்துக் காலணா அந்த வரிசையில் முதலாவதாக வருகிறது. அனுமதி வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்